பதிமூன்றாவது மெஷின்

"நான் கேட்டது தேதி. தேதியை மட்டும் சொல்லு!"

"தேதியைத்தானே சொல்லிட்டிருக்கேன்! திங்கட்கிழமை ஆர்டர் வந்துச்சு. அதுல என் இனிஷியலைத் தப்பா போட்டிருந்தாங்க. திருத்தலாம்னு போனா அந்த மேடம் பல்வலின்னு லீவு..."

"தேதி!"

"ஒண்ணாம் தேதி! அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி! போதுமா? இப்ப மூணாவது மாடி வரைக்கும் கேட்டிருக்கும்."

கேட்டது. மூன்றாவது மாடியில் மட்டுமல்ல, கீழே சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவருக்கும் கேட்டது. அவர் பம்பை நிறுத்திவிட்டுக் கேட்டதால் தெளிவாகவே கேட்டது.

தேதி கேட்டுக் கத்திய அந்த வீட்டுக்காரருக்குக் குடியிருப்பில் வடிகட்டி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். லிஃப்ட் நின்றுபோன அன்று சங்கச் செயலாளர் படியேறி வந்து, மோட்டார், பெல்ட், மெக்கானிக்கின் மச்சான் என்று வரிசையாக ஆரம்பித்தபோது, "ஓடுதா, ஓடலையா? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டவர் அவர். எதிர் வீட்டுக்காரருக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து, அவர் மனைவி ஆஸ்பத்திரிக் கதையைக் கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருந்தபோது, "எத்தனை அடைப்பு?" என்று கேட்டு, "மூணு" என்று பதில் வந்ததும் தலையசைத்துவிட்டு உள்ளே போனவரும் அவர்தான். அந்த அம்மாள் அதன் பிறகு அந்த வீட்டோடு தயிருக்கு உறைமோர்கூடக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் தொழில் படுத்திய பாடு. வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கணினிப் பயிற்சி கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் அவர் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர். சர்வர் எதுவும் அலுவலகத்தில் இல்லை. எங்கோ கண் காணாத ஊரில், கிளவுடில், வாடகைக்கு ஓடுகின்றன. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் அங்கிருந்து பதில் வரும். பதில் என்றால் கொஞ்சநஞ்சமல்ல. "இந்த மெஷின் ஓடுகிறதா?" என்று கேட்டால், அதன் பிறந்த நேரம், உடம்பின் அளவு, அக்கம்பக்கத்து முகவரிகள் என்று முந்நூறு வரிகள் கொட்டும். அந்த முந்நூறில் வேண்டிய ஒரே ஒரு சொல்லை மட்டும் உருவியெடுத்து அடுத்த கட்டளைக்குக் கொடுப்பதுதான் அவருடைய வித்தை. மீதி இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வரிகளை அவர் கண்ணால் பார்த்துப் பல வருஷமாகிறது. பார்ப்பதை ஒரு பலவீனமாகவே நினைத்தார்.

மனைவி குடிநீர் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். இப்போது பதவி உயர்வு. ஆறு மணி நேர ரயில் பயணத் தூரத்தில் புதிய பரிசோதனைக்கூடம் திறக்கிறார்கள், அதற்குத் தலைமை. நான்காம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அந்த ஊரில் பள்ளிக்கூடமும் பார்த்தாயிற்று. மிச்சமிருந்த ஒரே கேள்வி வடிகட்டி.

"நீங்க வர்றீங்களா, வரலையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் மனைவி. அவர் பாணியிலேயே கேட்டுவிட்டதில் ஒரு திருப்தி முகத்தில் தெரிந்தது.

"ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும்" என்றார் வடிகட்டி. 

மறுநாள் மேலாளரிடம் போய் நின்றார். அங்கிருந்தே வேலை பார்க்கலாமா என்று கேட்டார். மேலாளர் நாற்காலியைப் பாதி சுழற்றி, சுழற்றிய இடத்திலேயே யோசித்தார்.

"உங்க முக்கியமான வேலை என்ன? காலையில எட்டு மணிக்குப் பன்னிரண்டு பயிற்சி மெஷினையும் ஆன் பண்றது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஃப் பண்றது. அதை நீங்க இங்க உட்கார்ந்து ஒவ்வொண்ணா பட்டனை அமுக்கித்தானே செய்றீங்க?"

"ஸ்கிரிப்ட் எழுதிடறேன் சார். தானா நடக்கும்."

"சரி. தொடர்ச்சியா அஞ்சு வேலை நாள். ஆறு மணிக்கு எண்ணிக்கை பூஜ்யம். எட்டு மணிக்கு எல்லாம் ஆன். உங்க கை படக் கூடாது. நடந்துட்டா அடுத்த நாளே மூட்டையைக் கட்டுங்க. நானே ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்பறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை அந்த மனிதர். வரவேற்பு மேசைக்கு மேலே பெரிய திரை ஒன்றை மாட்டினார். அதில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களின் எண்ணிக்கை மட்டும் சிவப்பாகத் தெரியும். வேறு ஒன்றும் இல்லை. வடிகட்டிக்கு அந்தத் திரையை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஒன்றாம் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது.

அன்றே ஸ்கிரிப்ட்டை, அதாவது கட்டளைகளை வரிசையாக அடுக்கிய சின்ன நிரலை, எழுதி முடித்தார். அந்த அலுவலகத்தில் பொதுப் பெட்டி என்று ஒன்று உண்டு. எந்த ஸ்கிரிப்ட்டையும் எழுதி, நேரத்தைக் குறித்து, அதில் போட்டுவிட்டால் சொன்ன நேரத்துக்குத் தானாக ஓடும். எல்லோரும் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை ஆறு மணி. பயிற்சி பெறுகிறவர்கள் பன்னிரண்டு பேரும் பையை மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். திரை காட்டியது: 13.

"என்ன சார், ஒண்ணும் அணையலையே?" என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

காரணம் சின்னது. பதிலிலிருந்து அவர் உருவியெடுத்த அடையாள எண் ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் மேற்கோள் குறியோடு வந்திருந்தது. குறியோடு சேர்த்து, 'இந்த மெஷினை அணை' என்று கொடுத்தால், 'அப்படி ஒரு மெஷினே இல்லையே' என்கிறது கிளவுட். அவர் குறிகளைச் சீவி எறிந்தார். பன்னிரண்டு பேருக்கு எப்படிப் பதிமூன்று மெஷின் என்ற கேள்வி அந்த அவசரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை தோன்றியது. ஆறு மணிக்குத் திரையில் எண்கள் சரசரவென்று இறங்கி, ஒன்றில் வந்து நின்றன. நின்றது நின்றதுதான்.

"யாரோ ஒருத்தர் கூடுதலா ஒரு மெஷின் போட்டு வச்சிருக்கீங்க" என்றார் வடிகட்டி, பன்னிரண்டு பேரையும் பார்த்து. "யாருன்னு மட்டும் சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. அவர் கறுப்புத் திரைக்குப் போய், அந்த மெஷினின் பெயரை மட்டும் கொடு என்று கேட்டார். 'இல்லை' என்று ஒரே ஒரு சொல் வந்தது. பெயர் வைக்கவில்லை. உரிமையாளரை மட்டும் கேட்டார். 'இல்லை'. அளவை மட்டும் கேட்டார். இருப்பதிலேயே சிறியது. ஒன்றின் விவரத்தை உருவ வேண்டுமானால் அப்படி ஒரு விவரம் உள்ளே இருப்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த கேள்விகள் அவ்வளவுதான், எல்லாம் கேட்டாயிற்று.

"பெயர் வைக்காம ஒருத்தன் மெஷின் போடறான்னா என்ன அர்த்தம்?" என்று அன்று வீட்டில் சாப்பிடும்போது கேட்டார்.

"மறந்திருப்பான்" என்றார் மனைவி.

"இல்ல. மறைக்கிறான்."

"ஒண்ணுதானே? இருந்துட்டுப் போகட்டுமே."

அதையே மேலாளரிடமும் போய்க் கெஞ்சிப் பார்த்தார். மேலாளர் அசையவில்லை. "ஒரே ஒரு கொசு இருந்தாலும் அது கொசு இல்லாத வீடுன்னு சொல்ல முடியுமா? பூஜ்யம்னா பூஜ்யம்."

வியாழக்கிழமை வடிகட்டி ஸ்கிரிப்ட்டில் இரண்டு வரி சேர்த்தார். பெயர் இருந்தாலும் அணை, இல்லாவிட்டாலும் அணை. ஆறு மணிக்குத் திரை பன்னிரண்டு, ஆறு, ஒன்று என்று இறங்கி, ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் தயங்கி, பூஜ்யமானது. பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். அவர்களில் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் பையன் ஒருவன், அவனைச் சிரிப்புக்காரன் என்றே கூப்பிடுவார்கள், விசில்கூட அடித்தான். வடிகட்டி வீட்டுக்குப் போகிற வழியில் அட்டைப்பெட்டி வாங்கினார், மூட்டை கட்ட. பெட்டியை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் படியேறியதைப் பார்த்தவர்கள், அவர் முனகியது பாட்டுத்தான் என்று சத்தியம் செய்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு மெஷினும் எழவில்லை.

பன்னிரண்டு பேரும் வெறும் திரைக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாடம் நடத்த வந்தவர் கடிகாரத்தையும் வடிகட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். வடிகட்டிக்குப் பெயர் பார்க்கவெல்லாம் நேரமில்லை. நின்றுபோயிருந்த அத்தனையையும் ஒரே கட்டளையில் எழுப்பிவிட்டார். கை பட்டுவிட்டது. ஐந்து நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

அன்று சாயங்காலம் பூஜ்யம். திங்கட்கிழமை காலை மறுபடி பிணம் மாதிரிக் கிடந்தன. மறுபடி எல்லாவற்றையும் கையால் எழுப்பினார்.

ஸ்கிரிப்ட்டை நாலு தடவை படித்தார். ஒரு எழுத்துத் தப்பில்லை. காலை எட்டு மணிக்கு ஓட வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. அப்புறம் ஏன் ஓடவில்லை?

மத்தியானம், கேண்டீனில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது, அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகத்தை நிரூபிக்க ஒரே வழிதான். சேர்த்த இரண்டு வரிகளை எடுத்துவிட்டார். பெயரில்லாததைத் தொடாதே.

அன்று ஆறு மணிக்குத் திரையில் ஒன்று. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, எல்லா மெஷினும் மணியடித்தாற்போல் எழுந்தன.

 வடிகட்டி நேரே மேலாளர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"சார், நமக்குள்ள ஒருத்தன் இருக்கான்."

"யாரு?"

"தெரியல. ஆனா கணக்கு ரொம்பத் தெளிவு. அவன் மெஷினை நான் தொடலைன்னா, அவன் என் ஸ்கிரிப்ட்டைத் தொடறதில்ல. நான் அதை அணைச்சேன்னா, மறுநாள் காலையில என் ஸ்கிரிப்ட்டைத் தீர்த்துக் கட்டிடறான். பழிக்குப் பழி."

மேலாளர் நாற்காலியைச் சுழற்றவில்லை. விஷயம் அவ்வளவு தீவிரம்.

"ராத்திரி உட்கார்ந்து செய்றானா?"

"அதுதான் சார் கலை. எந்தத் தடயமும் இல்ல. உள்ள வந்ததா ஒரு வரிகூடப் பதிவாகலை."

"அப்ப பெரிய ஆளு."

"ரொம்பப் பெரிய ஆளு சார்" என்றார் வடிகட்டி. சொல்லும்போதே அந்தப் பெரிய ஆள் மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது என்று, கதவுக்கு வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வரவேற்பு மேசைப் பெண் பின்னால் சொன்னாள். ஒரு டம்ளர் தண்ணீரை அவள் கால் மணி நேரம் குடித்திருக்கிறாள்.

புதன்கிழமையிலிருந்து அலுவலகம் அலுவலகமாக இல்லை. மேலாளர் காவல் ஏற்பாடு செய்தார். சாயங்காலம் ஐந்தே முக்காலிலிருந்து ஆறேகால் வரை யாரும் தனியாக இருக்கக் கூடாது. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் கையை மற்றவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதிகம் சிரிப்பதால் சந்தேகத்துக்கு உரியவன் என்று சிரிப்புக்காரனையும், சிரிக்கவே சிரிக்காததால் சந்தேகத்துக்கு உரியவள் என்று தடிமனான கண்ணாடி போட்ட ஒரு பெண்ணையும் ஜோடி சேர்த்தார்கள். இரண்டு பேரும் தினமும் அரை மணி நேரம் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி உத்தரவு.

வரவேற்பு மேசைப் பெண்ணும் தப்பவில்லை. அவள் தினமும் ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கைகழுவப் போகிறாள் என்பதை வடிகட்டி குறித்து வைத்திருந்தார்.

"எங்க போறே? அதை மட்டும் சொல்லு."

"சார், நான் போன் எடுக்கிறவ. எனக்கு எதுக்கு சார் மெஷினு?"

"போறியா, இல்லையா?"

"போறேன்! கை கழுவறது குத்தமா? இந்த ரிசீவரை எத்தனை பேர் வாயில வச்சுப் பேசறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? அந்த ரெண்டாம் நம்பர் ரூம்காரர் இருக்காரே, அவரு பேசும்போது..."

"போதும்."

அவர் எழுந்து போய்விட்டார். அவள் அதன் பிறகு அவருக்கு வந்த எந்தப் போனையும் மூன்றாவது மணிக்கு முன்னால் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. வடிகட்டியின் கையெழுத்து, அவர் வாழ்நாளில் எழுதிய மிக நீளமான கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

'பெயரில்லாதவருக்கு. உங்கள் திறமையை மதிக்கிறேன். எனக்கு வேண்டியது ஐந்து நாள். அதன் பிறகு உங்கள் மெஷினை நீங்கள் என்ன செய்தாலும் கேட்க மாட்டேன். எனக்குக் குடும்பம் இருக்கிறது. பேசித் தீர்த்துக்கொள்வோம்.'

மறுநாள் காலையில் அதன் கீழே பென்சிலில் ஒரு வார்த்தை இருந்தது. 'யோசிக்கிறேன்.'

வடிகட்டி தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டு பேரின் நோட்டுகளையும் வாங்கி, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். மத்தியானத்துக்குள் ஆள் அகப்பட்டுவிட்டான். சிரிப்புக்காரன் மேலாளர் முன்னால் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினான்.

"பென்சில் நான்தான் சார். சும்மா, விளையாட்டுக்கு. மெஷின் சத்தியமா நான் இல்ல. என் மெஷினை ஆன் பண்ணவே எனக்கு இன்னும் சரியா வரல, வேணும்னா எங்க சாரைக் கேளுங்க."

பாடம் நடத்துகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். உண்மைதான் என்று அவர் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

"இவனுக்காக நான் சொல்றேன் சார்" என்று அப்போது கதவருகே ஒரு குரல் கேட்டது. கண்ணாடிப் பெண். "ரெண்டு நாளா இவன் கையைத்தான் நான் பார்த்துட்டிருக்கேன். அந்தக் கை ஒண்ணும் செய்யல." சொல்லிவிட்டு அவள் சிவந்துபோனது ஏன் என்று மேலாளருக்குப் புரியவில்லை. வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவளுக்குப் புரிந்தது.

மூன்றாவது வாரம் தொடங்கியது. வீட்டில் அட்டைப்பெட்டிகள் சுவரை மறைத்து நின்றன. மகள் ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பதை எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவின் சட்டைகள் இருந்த பெட்டி மேல் மட்டும் எழுதாமல் விட்டிருந்தாள்.

"அப்பா, இதுல என்ன எழுதட்டும்? வருமா, வராதா?"

 "வரும்னு எழுது" என்றார் வடிகட்டி. அன்று பஸ்ஸில் அலுவலகம் போகும்போது, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டார்.

இனி சமாதானம் பேசிப் பயனில்லை. காவல் போட வேண்டியதுதான் என்று முடிவுசெய்தார். முதல் ஸ்கிரிப்ட்டைக் காவல் காக்க இரண்டாவதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். நிமிஷத்துக்கு ஒரு தடவை முதலாவதை எட்டிப் பார்த்து, 'நலம்' என்று அவர் போனுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டியது அதன் வேலை. யாராவது கை வைத்தால் உடனே அலற வேண்டும். அதையும் பொதுப் பெட்டியில் போட்டார். பெயரில்லாததை அணைக்கும் அந்த இரண்டு வரிகளை மறுபடி சேர்த்தார். கடைசிப் போர்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், போனைக் கையில் பிடித்துக்கொண்டு, சிவப்புத் திரைக்கு எதிரே நின்றார். பக்கத்தில் மேலாளர். பின்னால் ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி பன்னிரண்டு பேர்.

ஐந்து ஐம்பத்தெட்டு: நலம். ஐந்து ஐம்பத்தொன்பது: நலம். ஆறு மணி: நலம்.

திரை பன்னிரண்டு, ஏழு, மூன்று, ஒன்று, பூஜ்யம்.

ஆறு ஒன்று. போன் பேசவில்லை. ஆறு இரண்டு. பேசவில்லை. வடிகட்டி போனை உலுக்கிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?" என்றார் மேலாளர் கிசுகிசுப்பாக.

"காவலுக்கு வச்சதையும் கொன்னுட்டான் சார்." வடிகட்டியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "ரெண்டையும். ஒரே நேரத்துல. ஒரு கத்தல்கூட வரல."

அங்கே இருந்த பன்னிரண்டு பேரும், வரவேற்பு மேசைப் பெண்ணும், பாடம் நடத்துகிறவரும் அசையாமல் நின்றார்கள். கண்ணாடிப் பெண் சிரிப்புக்காரனின் கையைப் பார்ப்பதோடு நிற்காமல் பிடித்தும்கொண்டாள். பயம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்படி ஒருத்தன் உள்ள இருக்கிறப்ப உங்களை நான் எப்படி வெளியூர் அனுப்பறது? அவனைப் புரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். அவனைப் பிடிங்க. பிடிச்சதும் போங்க."

ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் லாரி வந்தது. பெட்டிகள் இறங்கின. கீழே நின்றவர்கள் எண்ணினார்கள், பதினெட்டு. 'அப்பா சட்டை, வரும்' என்று எழுதிய பெட்டி லாரி வரை போய், மறுபடி மேலே வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு படியேறியவர் வடிகட்டியேதான்.

ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது மனைவி ஜன்னல் வழியாக நிறையச் சொன்னார். கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது, பின்பக்கத் தாழ்ப்பாள் எப்படிச் சிக்கும், மாத்திரையை எதற்கு அப்புறம் போட வேண்டும், தண்ணீர்த் தொட்டியை எந்த வாரம் கழுவுவார்கள். வடிகட்டி ஒரு வார்த்தையிலும் குறுக்கிடவில்லை. ரயில் நகர்ந்த பிறகும் அவர் கேட்டுக்கொண்டே கூட நடந்தார் என்று வழியனுப்பப் போன எதிர் வீட்டம்மாள் வந்து சொன்னார். அன்றைக்குத்தான் அந்த அம்மாள் உறைமோர் கொடுத்தனுப்பினார், ஒற்றை ஆளுக்குப் போதுமான அளவு.

அதன் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். சிரிப்புக்காரனும் கண்ணாடிப் பெண்ணும் பயிற்சி முடிந்த கையோடு கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணத்துக்கு மேலாளரையும் வடிகட்டியையும் தனித்தனியாகப் போய் அழைத்தார்கள். மேலாளர் போகவில்லை. எதிரி உள்ளேயே உட்கார்ந்திருக்கும் இடத்தில் நெஞ்சு படபடக்கிறது என்று வேறு கம்பெனி பார்த்துக்கொண்டு போய்விட்டார். பாடம் நடத்துகிறவர் மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். மனைவியின் பரிசோதனைக்கூடம் நன்றாக நடக்கிறது. மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். வடிகட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலேறுவார், ஞாயிற்றுக்கிழமை திரும்புவார். ஆறு மணி நேரம் போக, ஆறு மணி நேரம் வர. எதிரிக்குப் பயந்து ஸ்கிரிப்ட்டை எடுத்துவிட்டதால், மீதி நாளெல்லாம் காலை எட்டு மணிக்குப் பன்னிரண்டு பட்டன், சாயங்காலம் ஆறு மணிக்குப் பன்னிரண்டு பட்டன். கடைசிப் போருக்கு மறுநாள் மற்றவற்றோடு சேர்த்து எழுப்பிவிட்டதோடு சரி, பதிமூன்றாவதை அவர் தொடுவதில்லை. எதிரியோடு ஒரு மாதிரி உடன்பாட்டுக்கு வந்திருந்தார்.

பதினோரு மாதம் கழித்து வரவேற்பு மேசைப் பெண்ணுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, வேறு ஊருக்குப் போவதாக வேலையை விட்டாள். கடைசி நாளன்று அவளுக்கு ஒரு வேலை மிச்சமிருந்தது. புதிதாக வந்த மேலாளர் காகிதத்தில் படித்துப் பழகியவர். எல்லா மெஷின்களின் விவரத்தையும் ஒன்று விடாமல் அச்சடித்து வைக்கச் சொல்லியிருந்தார். உருவுவது, வடிகட்டுவது எதுவும் அவளுக்குத் தெரியாது. கொடுத்த கட்டளையை அப்படியே தட்டினாள். அச்சு இயந்திரம் மத்தியானம் முழுக்கத் துப்பியது. அவளுக்குப் பொழுது போகவில்லை. முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் படித்தாள்.

ஐந்து ஐம்பதுக்கு, கைகூடக் கழுவப் போகாமல், ஒரு தாளை எடுத்துக்கொண்டு வடிகட்டியின் மேசைக்கு வந்து நின்றாள்.

"அந்தப் பெயரில்லாத மெஷின் சார்."

வடிகட்டி நிமிர்ந்தார். பழக்கதோஷம் விடுமா? "யாருது? அதை மட்டும் சொல்லு."

அவள் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்து, இருநூற்று எண்பதாவது வரிக்குப் பக்கத்தில் விரலை ஊன்றினாள்.

"உருவாக்கினவர்ங்கிற இடத்துல உங்க பேரு இருக்கு சார், மூணு வருஷத்துக்கு முந்தின தேதி போட்டு. அடியில குறிப்பும் நீங்கதான் எழுதியிருக்கீங்க: 'பொதுப் பெட்டியில் போடும் ஸ்கிரிப்ட் எல்லாம் இந்த மெஷினில்தான் ஓடுகின்றன, தயவுசெய்து இதை யாரும் அணைத்துவிடாதீர்கள்.'"